இரண்டு கட்டைவிரல், பதினாறு சேனல்

மாடல் படகு கட்டுகிறவரின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். நிஜக் கப்பலின் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஏணிக்கு எத்தனை படி என்று எண்ணுவார். உயிர்காப்பு வளையத்தின் சிவப்பு சரியான சிவப்புதானா என்று ஒரு மாதம் யோசிப்பார். மேல்தளத்துக் கொடிமரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஊசிப் பருமனுக்குக் கொண்டுவருவார். எல்லாம் முடிந்து, படகை ஓட்ட ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வாங்கப் போகும்போது மட்டும் அந்தப் பொறுமை லீவு போட்டுவிடும். அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுவார். அது சேனல்களின் எண்ணிக்கை. ஆறைவிடப் பத்து பெரிது, பத்தைவிடப் பதினாறு பெரிது, ஆகையால் பதினாறு நல்லது. டிரான்ஸ்மிட்டர் வாங்குகிறவர் முதலில் எண்ண வேண்டியது தம் கட்டைவிரல்களை. பெரும்பாலோருக்கு இரண்டு தேறும். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் என்னென்ன செய்யும் என்று தெரிந்த பிறகு பெட்டியின் எண்ணுக்கு வரலாம். அப்படி வந்தால், எவ்வளவு ஆடம்பரமான படகுக்கும் அது எட்டைத் தாண்டாது என்பது என் கட்சி.

வெறுமனே போய்த் திரும்பி வரும் படகுக்கு இந்த விவாதமே வேண்டாம். மோட்டாருக்கு ஒரு சேனல், சுக்கானுக்கு ஒரு சேனல், கதை முடிந்தது. சிக்கல், வேலை செய்யும் சாமான்கள் உள்ள படகில்தான். ஜெர்மனியின் ராபே கம்பெனி விற்ற ‘டூசல்டார்ஃப்’ தீயணைப்புப் படகை எடுத்துக்கொள்வோம். 1:25 அளவு மாடல், அதன் அழகே தண்ணீர் பீய்ச்சும் குழல்கள்தான். இந்த மாதிரிப் படகைக் கட்டுகிறவர் தண்ணீரோடு நிற்பாரா? இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை என்று வழிவிளக்குகள். சுழலும் ரேடார், தேடுவிளக்கு, ஹாரன், எஞ்சின் சத்தம், புகை, ஏறி இறங்கும் நங்கூரம். போதாததற்கு, முகப்பின் குறுக்கே துளைத்த குழாய்க்குள் சுழன்று படகின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ த்ரஸ்டர். இப்படிப் போட்டுக்கொண்டே போனால் பதினாறு என்ன, இருபதும் பற்றாது. ஆனால் இந்தப் பட்டியலுக்குள் இரண்டு சாதி உண்டு. மோட்டாரின் வேகம், சுக்கான், த்ரஸ்டர், குழலின் திசை ஆகியவை ‘எவ்வளவு?’ என்று கேட்பவை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரல் நகர்ந்தபடி இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ‘உண்டா, இல்லையா?’ ரகம். வழிவிளக்கு கால்வாசி எரிவதில்லை. நங்கூரத்துக்கு அரை மனது கிடையாது. முதல் ரகத்துக்கு ஸ்டிக் வேண்டும். இரண்டாவது ரகத்துக்கு ஒரு சுவிட்ச் போதும். அந்தச் சுவிட்சுக்கு ஒரு முழுச் சேனலை ஒதுக்குவது, தனி ஆள் போக முழு பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது.

சரித்திரம் இந்த வழக்கில் என் பக்கம் சாட்சி சொல்கிறது. ரேடியோ அலையால் ஓடும் படகை நிகோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது; எண் 613,809. அந்தப் படகிலேயே விளக்குகள் இருந்தன. ஆக, சாமான் சேர்க்கும் வியாதி இந்தப் பொழுதுபோக்கோடு கூடப் பிறந்தது. உள்ளே உலோகத்தூள் போட்ட ஒரு குழாய். அலை வந்து பட்டால் தூள் மின்சாரத்தை விடும். விட்டதும் ஒரு சக்கரம் ஒரு படி நகர்ந்து அடுத்த வேலைக்குப் போகும். இதை வைத்துக்கொண்டே, 64-இன் கனமூலம் என்ன என்று கூட்டத்தில் யாரோ கேட்க, படகு நான்கு முறை விளக்கை மின்னிப் பதில் சொன்னதாகக் கதை உண்டு. இன்றைய பதினாறு சேனல் படகுகள் எதுவும் கணக்குப் போடுவதாகத் தகவல் இல்லை. பின்னாளில், ரேடியோ சாமானியர் கைக்கு வந்தபோதும், முறுக்கிய ரப்பர் பேண்டால் இயங்கும் எஸ்கேப்மென்ட் என்ற பொறிதான் சுக்கானைத் திருப்பியது. பொத்தானை ஒரு தரம் அமுக்கிப் பிடித்தால் ஒரு பக்கம், இரண்டு தரம் என்றால் மறுபக்கம், விட்டால் நேர். ரப்பரின் முறுக்கு தீர்ந்தால் கேப்டனின் அதிகாரமும் தீர்ந்தது. லண்டன் விக்டோரியா பூங்காவில் 1904 முதல் இருக்கும் மாடல் நீராவிப் படகுச் சங்கத்தின் நேரோட்டப் படகுகளுக்கோ அதுவும் கிடையாது. இந்தக் கரையில் ஒருவர் விடுவார், அந்தக் கரையில் ஒருவர் பிடிப்பார். சேனல் பூஜ்யம்.

அப்புறம் எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்குப் போகும் உத்தரவு ஒரு சின்ன மின்துடிப்பு. அது 1.5 மில்லிசெகண்ட் நீண்டால் நடு. 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறுகோடி. இது 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பப் போகும். அந்த 20-க்குள் எட்டுச் சேனல்கள் வரிசையில் நின்றால் அதிகபட்சம் 16 செலவாகிவிடும். மீதி 4 மில்லிசெகண்ட், ‘மறுபடி முதலிலிருந்து’ என்று ரிசீவருக்குச் சொல்லும் இடைவெளி. பழைய செட்டுகள் எட்டோடு நின்றது இதனால்தான். படகுக்காரர்கள் அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. ஜெர்மனியின் கிராப்னரும் ராபேயும், ஒரு சேனலை எடுத்துப் பல சுவிட்சுகளுக்குப் பங்கு பிரிக்கும் பெட்டிகளை விற்றன. அதற்குப் பிறகு ஒரே சேனல் பதினாறு சாமான்களை மேய்த்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் முறை வரக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஹாரன் ஒரு கணம் பிந்தி ஒலித்ததால் எந்த மாடல் படகும் மூழ்கியதில்லை.

இங்கே விஷயம் தெரிந்தவர் கையைத் தூக்குவார். இரட்டை மோட்டார் உள்ள படகில் ஒரே ஸ்டிக் அசைவை டிரான்ஸ்மிட்டரே கலந்து இரண்டு மோட்டாருக்கும் வெவ்வேறு வேகமாகப் பிரித்துக் கொடுக்கிறது. விரல் ஒன்றுதான், சேனல் இரண்டு ஆகிறதே என்பார். நியாயமான கேள்வி, கணக்கைப் போட்டுவிடலாம். மோட்டார் இரண்டு, சுக்கான் ஒன்று, த்ரஸ்டர் ஒன்று, குழலை இடவலம் திருப்ப ஒன்று, மேல்கீழ் அசைக்க ஒன்று, ஆறு. மற்ற எல்லாச் சாமான்களுக்கும் சேர்த்துப் பங்கு பிரிக்கும் பெட்டிக்கு ஒன்று, ஏழு. விருந்தாளிக்கு ஒன்று காலியாக இருக்கிறது. விரல் கணக்கில்தான் இடிக்கிறது. இரண்டு ஸ்டிக்கிலும் சேர்த்து நான்கு அசைவுகள்தான். வேலையோ வேகம், சுக்கான், த்ரஸ்டர், குழலின் திசை, குழலின் உயரம் என்று ஐந்து. ஐந்தாவதை ஓரத்தில் இருக்கும் திருகு குமிழிடம் விட்டுவிடலாம். குளத்தில் எரியும் தீ மாடி மாடியாகத் தாவாது.

அடுத்த ஆட்சேபம் எதிர்காலத்தின் பெயரால் வரும். நாளைக்கு இன்னும் பத்துச் சாமான் சேர்த்தால்? சேர்க்கலாம், ஆனால் அனுமதி தர வேண்டியவர் டிரான்ஸ்மிட்டர் தயாரித்தவர் அல்லர், ஆர்க்கிமிடீஸ். ஒவ்வொரு சாமானும் ஒரு மோட்டார், கொஞ்சம் கம்பி, கொஞ்சம் பேட்டரி என்று எடையோடு வருகிறது. ரேடார், தேடுவிளக்கு, குழல் எல்லாம் உச்சியில் வேறு உட்காருகின்றன. சேனல் தீர்வதற்கு முன்னால் மிதவைக்கோடு தீர்ந்துவிடும். அதற்கும் முன்னால், திரும்பும்போது படகு ஒருக்களிக்க ஆரம்பிக்கும். சரி, விலைதான் இறங்கிவிட்டதே, ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் மாதிரிக் கருவிகளில் எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்தநிலை மென்பொருளோடு பதினாறு சேனல் கிடைக்கும்போது எட்டோடு ஏன் நிற்க வேண்டும் என்றால், விலையைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. செலவாவது மெனுவில். எந்த சுவிட்ச் எந்தக் கலவைக்குப் போகிறது என்று திரையில் தேடிக்கொண்டு குளக்கரையில் குனிந்து நிற்பவருக்குப் படகு பார்க்க நேரமிருக்காது. அந்தத் தேடலே பிடித்தவர்களும் உண்டு. அவர்களுடையது வேறு பொழுதுபோக்கு. அதற்குப் படகு தேவையில்லை.

எண்ணிக்கையில் கண் போவதால் யாரும் பார்க்காமல் விடுவது இடது ஸ்டிக்கின் ஸ்பிரிங். கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் விமானத்துக்காகச் செய்தவை. ‘மோடு 2’ என்ற பரவலான அமைப்பில் இடது ஸ்டிக்கின் மேல்கீழ் அசைவுதான் வேகம். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. கடகடவென்று பல்லில் நின்று விட்ட இடத்திலேயே இருக்கும். விமானத்துக்கு அடிமட்டம் என்றால் மோட்டார் நின்றது, உச்சி என்றால் முழு வேகம். படகுக்கோ நடுவில்தான் நிற்றல். மேலே முன்னேற்றம், கீழே பின்னேற்றம். ஆகவே விமான டிரான்ஸ்மிட்டரின் அடிமட்டம் படகின் பாஷையில் முழு ரிவர்ஸ். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற கருவிகள் ஸ்டிக் அடியில் இல்லாவிட்டால், பாதுகாப்பாம், கத்தும். அந்தப் பாதுகாப்புக்குப் பணிந்து ஸ்டிக்கை இறக்கி, அது வாயை மூடியதும் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகே படகின் சுவிட்சைப் போட வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைக்கும் ஃபெயில்சேஃபிலும் இதே வில்லங்கம். விமானக்காரர் சொல்லிக் கொடுத்தபடி அடிமட்டத்தைப் பதித்து வைத்த படகு, தொடர்பு போனதும் நிற்காது. பின்புறமாக முழு வேகத்தில் வாத்துகளை நோக்கிக் கிளம்பும். எனவே படகுக்கு நடுவுக்குத் தானே திரும்பும் ஸ்பிரிங் வேண்டும், ஃபெயில்சேஃபும் நடுவில் வேண்டும். இந்த இரண்டும் சரியாக உள்ள ஆறு சேனல், இரண்டும் இல்லாத பதினாறைவிட மேல்.

இழுவைப் படகு ஓட்டும் பழம்பெருச்சாளிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாதி வேகத்தில் வைத்துவிட்டு விரலை எடுக்க முடிவதுதான் சுகம், அந்த விரல் வேறு வேலை பார்க்குமே என்பார்கள். என் கட்டைவிரல் வாதத்தைக் கொண்டே என்னை அடிக்கிறார்கள். நீண்ட தூரம் பாரம் இழுக்கும் படகுக்கு அவர்கள் சொல்வது சரி. நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு பள்ளம் இருந்தால் போதும். தீயணைப்புப் படகுக்கு ஒத்துவராது. தண்ணீர் முன்னால் பாயப் பாயப் படகு பின்னால் நகரும், நியூட்டன் விதி. அதை இடத்தில் நிறுத்த வேகத்தைத் தொட்டுத் தொட்டுக் கொடுக்க வேண்டும். எடுக்கவே முடியாத விரலுக்குப் பல் எதற்கு? துப்பாக்கி மாதிரி விசையும் பக்கவாட்டில் சக்கரமும் உள்ள ரகத்தில் விசை தானே நடுவுக்கு வரும். பந்தயப் படகுக்கு அது உத்தமம். மூன்றாவது சாமான் வந்ததும் திணறும். செல்போன் திரையை டிரான்ஸ்மிட்டராக்குவதில் ஒரே குறை, கண் படகின் மேல் இருக்கும்போது கண்ணாடியில் நடு எது என்று விரலுக்குத் தெரியாது.

ஒரு கிலோமீட்டர் எட்டும் என்ற பெருமைக்கும் மயங்க வேண்டாம். 60 சென்டிமீட்டர் படகு 150 மீட்டர் தள்ளிப் போனால், கையை நீட்டி அளந்தால் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே அதன் முகப்பு எது, பின்புறம் எது என்றே தெரியாது; சிவப்பு விளக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி எழவே எழாது.

நீர்மூழ்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் பாதி பொருந்தாது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகும். படகு மூழ்கிய மறுகணம் அனாதை. ஆகவே பிரிட்டனில் தரையிலும் தண்ணீரிலும் ஓடும் மாடல்களுக்கென்று ஒதுக்கிய 40 மெகாஹெர்ட்ஸ் பழைய செட்டையே அவர்கள் தேடி அலைய வேண்டும். 35 மெகாஹெர்ட்ஸ் விமானக்காரர்களின் சொத்து. நீண்ட ஆன்டெனா, அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல், அதே கிரிஸ்டலைப் போட்டுக்கொண்டு அடுத்த கரையில் யாராவது நிற்கிறாரா என்ற கவலை, எல்லாம் அந்த விலையில் சேர்த்தி. அதில் ஆறு சேனல் இருந்தாலே தாராளம். முங்கிய பிறகு ரேடார் சுற்றுகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.