மாப்புள்ள ஏணி வாங்கியிருக்காருங்கோ

ஏனுங்க மாப்புள்ள, அம்மிணி போன் பண்ணுச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால மச்சுல அடைச்சுக் கெடக்கற எலைதழையெல்லாம் வழிச்சுப் போடோணும்னு அலுமினிய ஏணி வாங்கியாந்துட்டீங்களாமே! இழுத்தா நீளுமாம், உட்டா சுருங்குமாம். நெம்ப சந்தோசமுங்க. ஆளைக் கூப்புட்டா 500 ரூவா கூலி போயிருமேன்னு ஆயிரக்கணக்குல போட்டு ஏணி வாங்குன மூளை எங்க குடும்பத்துல இதுக்கு முன்னால இல்லீங்க.

எத்தன அடி? 16-ஆ? ஊட்டு உசரம் கைப்புடிச் செவுத்தோட சேத்து 12 அடி, 4 அடி மிச்சம்னு கணக்குப் போட்டிருப்பீங்க. பி.காம். படிச்சவரு, கழித்தல் தப்பாது. ஆனா அது 8 அடித் துண்டு ரெண்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணு 3 அடியாச்சும் ஏறி நிக்கோணும். இல்லாட்டி நடுவுல மடங்கிக்கும். ஆகக்கூடி கைக்கு வர்றது 13 அடி. அதுவும் சாஞ்சுதான நிக்கும்? செவுத்து உச்சியத் தொடறதுக்கே பன்னண்டரை ஓடிப்போயிரும். மச்சுலயிருந்து எறங்கறவன் படி எங்கன்னு காலைத் துழாவறப்ப, கையில புடிக்க ஏணி 3 அடி மேல நீட்டிக்கிட்டு இருக்கோணும். உங்குளுக்கு ஆம்படறது அரை அடி அலுமினியமும் கொலசாமி பேரும்தான். பில்லு பத்திரமா இருந்தா 20 அடியா மாத்திக்குங்க. ஏறி நிக்கறது போக 17 வரும்.

மாத்தறப்பவே ஏணிமேல ஒட்டுன சீட்டையும் படிச்சுப்போடுங்க. எத்தன கிலோ தாங்கும்னு போட்டிருக்கும். 100-ன்னு இருந்தா அங்கயே வெச்சுட்டு 150 பாருங்க. பொங்கலுக்கு வந்தப்ப ரைஸ்மில் தராசுல ஏறுனீங்களே, 92 காட்டுச்சு. அது உங்க அத்தை பலகாரம் சுடறதுக்கு முன்னால எடுத்த கணக்கு.

இனிச் சாய்க்கற சங்கதி. உசரம் 4 அடிக்குக் கீழ்க்கால் 1 அடி தள்ளி நிக்கோணும். உங்க 12 அடிச் செவுத்துக்கு 3 அடி. ஒட்டி வெச்சா மல்லாக்கச் சாயும், தள்ளி வெச்சா அடி வழுக்கும். டேப்பு இல்லீன்னா ஏணிக்காலுல பெருவெரலை வெச்சு நேரா நின்னு கையை நீட்டுங்க. தோளுக்கு நேரா உள்ளங்கை படியத் தொட்டாச் சரி. மேமுனையக் கொண்டுபோயி பிவிசி பைப்பு மேல சாய்க்காதீங்க. மேல் துண்டைப் பூட்டற கொக்கி ரெண்டு பக்கமும் படியைக் கவ்வியிருக்குதான்னு பாருங்க. ஒரு பக்கம் கவ்வி மறுபக்கம் தொங்குச்சுன்னா அது ஏணியில்லீங்க, எலிப்பொறி. ஈர மண்ணுன்னா அடியில அகலப் பலகை போடுங்க. எட்டலைன்னு செங்கல்லு அடுக்கி ஏணிக்கு முட்டுக் குடுக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

சர்வீஸ் வயரு எந்தப் பக்கமா வருதுன்னு அண்ணாந்து பாத்தீங்களா? அலுமினியத்துல கரண்டு சோக்காப் பாயும். கம்பிக்கும் ஏணிக்கும் 10 அடியாச்சும் எடவெளி வேணும். நீட்டுன ஏணிய நிமித்திப் புடிச்சுக்கிட்டு, தேரு இழுக்கறாப்பல வாசல்ல ஊர்கோலம் போகாதீங்க. சுருக்கி, படுக்க வெச்சுத் தூக்கோணும். பைபர் ஏணி கரண்டுக்குப் பரவால்லைம்பாங்க; நனைஞ்சா அதையும் நம்ப முடியாது.

ஏறறப்ப லுங்கி வேண்டாம், தேஞ்ச ரப்பர் செருப்பும் வேண்டாம். கையில வாளியோட ஏறாதீங்க. மேல போயிக் கயித்துல கட்டி இழுத்துக்கலாம். கெணத்துல தண்ணி எறைச்ச பரம்பரைதான நாம.

அப்புறம் தொப்புளு. அது ஏணியோட ரெண்டு சட்டத்துக்கும் நடுவுலயே இருக்கோணும். தொப்புளு சட்டத்தத் தாண்டுச்சுன்னா ஆளும் பின்னாலயே போயிருவாரு. இது எனக்கெப்படித் தெரியும்னு கேக்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். அம்மிணிக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

கல்யாணமான புதுசு. உங்க அத்தை முருங்கைக்காக் கொழம்புன்னுச்சு. நானும் வீரமா மூங்கில் ஏணிய முருங்கைக் கெளையிலயே சாய்ச்சு ஏறிட்டேன். முருங்கைக் கெளை ஒடியறதுக்குன்னே பொறந்ததுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். புது மாப்புள்ளைக்குத் தெரியலை. மடி நெறையக் காய். ஒரே ஒரு காய், நல்லா நீளமானது, ஒரு சாண் தள்ளித் தொங்குச்சு. எறங்கி ஏணிய நகத்த ஒடம்பு வளையலை. எட்டுனேன். கெளை ‘சடக்’குன்னுது, அவ்வளவுதான். உளுந்தது குப்பைமேட்டுல, அதனால முதுகு தப்பிச்சுது. மணிக்கட்டு மட்டும் போச்சு. மாமனாரூட்டுல என்ன சொல்றது? மயிலைக்காளை முட்டிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். எங்கய்யன் அந்த வாயில்லா சீவனை அடுத்த சந்தையிலயே வித்துட்டாரு. அது அதுவரைக்கும் ஒரு ஈயக்கூட முட்டுனதில்லீங்க.

ஏணிக்கடியில புடிச்சுக்க ஒரு ஆளு வேணும். அம்மிணிய நிறுத்தாதீங்க, போன் அடிச்சா உட்டுப்போட்டுப் போயிரும், என்ற பொண்ணு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமை நானே வாரேன். கூலியெல்லாம் வேண்டாம், ஒரு நாட்டுக்கோழி அடிச்சாப் போதும். சாப்புடறப்ப அம்மிணி என்ற மணிக்கட்டப் பாத்துட்டு எதுனாலும் கேட்டா, காளைதான் முட்டுச்சுன்னு நீங்களும் சேந்து சொல்லிப்போடுங்க.