எடிட்டர் அண்ணன்

அண்ணன் கணினியில் இன்றைய இருப்பு: எடிட்டர் ஒன்பது, கம்பைலர் நான்கு, எழுதிய புரோகிராம் பூஜ்யம்.

2020 ஆகஸ்டுக்கு முன் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அந்தமானுக்கே சாட்டிலைட் இணையம்தான். எங்கள் லாங் ஐலண்டில் கேட்கவே வேண்டாம். சென்னைக்குக் கப்பலேறுகிற யார் கையிலும் ஒரு பென் டிரைவைத் திணிப்பார். “ஊறுகாய் எல்லாம் வேணாம் தம்பி, விஷுவல் ஸ்டுடியோவை மட்டும் இறக்கிட்டு வந்துடு.” வந்து சேர்வதற்குள் புது வெர்ஷன் வெளியாகியிருக்கும். பழசில் எழுதலாமா? கூடாது.

பிறகு அரசாங்கம் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடியில் கேபிள் போட்டது. சென்னையில் புறப்பட்டு போர்ட் பிளேருக்கும் இன்னும் ஏழு தீவுகளுக்கும் வந்த அந்தக் கேபிள் நம்ம தீவையும் விடவில்லை. சரி, அண்ணன் இனி எழுதிவிடுவார் என்று நம்பினோம். அவருக்கோ தேர்வு செய்வதற்கான சரக்குதான் பெருகியது.

ஜிசிசி கம்பைலர் 1987-லிருந்து இருக்கிறது. லினக்ஸ் கெர்னலையே அதில்தான் கட்டினார்கள். அண்ணனுக்குப் போதவில்லை. “கிளாங்தான் தம்பி தப்பை அழகாச் சொல்லும்.” தப்பு வருவதற்காவது ஏதாவது எழுத வேண்டாமா அண்ணே? டர்போ சி என்று யாராவது வாயெடுத்தால் கோபம் வரும்: “அந்த நீலத் திரையை இன்னுமாடா கட்டிட்டு அழறீங்க?” ஆனால் டாஸ்பாக்ஸுக்குள் அதையும் ஒளித்து வைத்திருக்கிறார். ‘பழகின கை’யாம்.

எடிட்டரிலோ, திங்கட்கிழமை விம் பக்தர். மௌஸைத் தொடுவது பாவம். வியாழனுக்குள் ஈமேக்ஸுக்கு மதம் மாறியிருப்பார். ஞாயிறு விஎஸ் கோடில் தீம் பார்க்கும் நாள். கல்யாணப் புடவைக்கடையில்கூட அத்தனை நிறம் பிரித்துப் போட மாட்டார்கள். ஃபான்டில் பூஜ்யத்துக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். மீன் வாங்கப் போன அண்ணியும் ஒருமுறை மாட்டிக்கொண்டார்.

மனுஷர் நல்லவர். யார் வீட்டுக் கணினி படுத்தாலும் நடுராத்திரியில் வந்து எழுப்பிவிடுவார், ஒரு டீக்கு மேல் வாங்க மாட்டார்.

ஆனால் பிள்ளைகளையாவது விட்டுவைக்கலாம். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் பைத்தான் கேட்டு வந்தான். தன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இருட்டும்வரை எடிட்டர்களின் வரலாறு கேட்டான். நாலு எடிட்டரும் தலைவலியுமாக வீட்டுக்குப் போனான். அடுத்த நாளும் அதே கதை. அவன் பெயர் திரையில் வரவே இல்லை. இது சிரிக்கிற விஷயமில்லை. அந்த வயதில் ஓர் ஆசை ஆறிப்போனால் மறுபடி சூடேறுவது கஷ்டம்.

நல்லவேளை, பையன் கெட்டிக்காரன். பைத்தானோடு சும்மா வருகிற ஐடில் எடிட்டரைத் திறந்து, யெரட்டாவுக்குப் போகிற படகுக்குத் தலைக்கு இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு என்று கூட்டிச் சொல்லும் இருபது வரி எழுதிவிட்டான். ஓடியது. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார்.

“எல்லாம் சரிதான். இப்படி வெள்ளைத் திரையில எழுதினா கண்ணு என்னத்துக்குடா ஆகும்?”