முன்குறிப்பு சிஸ்

காலை ஷிஃப்ட்டுக்கு ஓசூர் சிப்காட் நோக்கிப் போகும் எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் இவரைப் பார்க்கலாம். ஜன்னலோர சீட்டில், தலையில் ஸ்கார்ஃப், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு கட்டைவிரலும் போனில் ஓடிக்கொண்டிருக்கும். சூளகிரியில் ஏறி மூக்கண்டப்பள்ளியில் இறங்குவதற்குள் தன் தொடர்கதையில் ஒரு 'எபி', அதாவது ஓர் அத்தியாயம், எழுதி முடித்துவிடுவார். பக்கத்து சீட்டுக்காரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், காய்கறிக் கடையில் கன்னடம் பேசுகிறவள். ஆனால் 'அடுத்த யூடி எப்போ சிஸ்?' என்று அடுத்த எபியை அவள் கேட்பது தமிழில்தான். இந்த எல்லைப் பக்கத்தில் எபிக்குக் காத்திருக்கும் மொழி அதுதான்.

வாசகர்களுக்கு அவர் சிஸ். நான் வைத்திருக்கும் பெயர் முன்குறிப்பு சிஸ். அவர் ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஓர் இனம். பர்கூரிலிருந்து ஜூஜூவாடி வரை பரவியிருக்கிறது, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியிலும் கிளை உண்டு.

இவர் எழுதுவது ரசிகர் புனைவு. அடுத்தவர் பெற்ற பிள்ளையைத் தூக்கி வந்து நமக்குப் பிடித்த சட்டையைப் போட்டுப் பார்க்கிற கலை. சீரியல் ஜோடிகளை வைத்துத் தொடங்கினார். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக வந்ததும் சோழ நாட்டுக்கு மாறிவிட்டார். அவர் கதையில் ஆதித்த கரிகாலன் சாவதில்லை. நந்தினிக்கு நல்ல மாமியார் கிடைக்கிறார். பெரிய பழுவேட்டரையர் முறைப்படி ஓய்வு பெற்றுத் தோட்டம் போடுகிறார்.

கதையில் எனக்குப் புகார் இல்லை. கதைக்குள் போய்ச் சேர்வதுதான் சிரமம். வாசலில் இப்படி ஒரு முன்குறிப்பு நிற்கும்:

'வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். இது முழுக்க முழுக்க என் கற்பனை. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை. பாத்திரங்கள் கல்கி ஐயாவுக்குச் சொந்தம். இந்த எபியில் மழை வரும், இடி இடிக்கும். இடிக்குப் பயப்படுபவர்கள் இரண்டாம் பத்தியைத் தாண்டிவிடவும். வந்தியத்தேவன் குதிரையிலிருந்து விழுவார், அடி படாது. குதிரைக்கும் அடி படாது. பூங்குழலி தனியாகப் படகு ஓட்டுவார், லைஃப் ஜாக்கெட் அந்தக் காலத்தில் கிடையாது, தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். ஆழ்வார்க்கடியான் ஒரு சைவரைத் திட்டுவார், அது அவருடைய கருத்து, என் கருத்து அல்ல. குந்தவை அழுவார், ஆனால் அது சந்தோஷ அழுகை. எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும், பேரண்டப்பள்ளி பக்கம் பஸ் குலுங்கும்.'

இதைப் படித்து முடித்த பிறகு மிச்சமிருப்பது வந்தியத்தேவன் எந்தப் பக்கமாக விழுந்தார் என்ற ஒரே மர்மம்தான். அதுவும் கீழே பின்குறிப்பில் தெளிவாகிவிடும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. வேலை பார்க்கிற இடம் அப்படி. கேட்டுக்குள் நுழைந்தால் ஹெல்மெட், ஷூ, கண்ணாடி. பிரஸ் ஷாப் வாசலில் கை நசுங்கும் படம். தரையில் மஞ்சள் கோடு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்களுக்காக எல்லாப் பலகையும் தமிழோடு இந்தியிலும். ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, நேற்று எங்கே கை பட இருந்தது, எப்படித் தப்பியது என்று ஒரு பேச்சு. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி, பிறகு வாசகப் போட்டி. நம் சிஸ்ஸின் முதல் இலக்கியப் பரிசு அந்த வாசகப் போட்டியில் வாங்கிய ஹாட் பாக்ஸ்தான். பரிசு வாங்கிய நடையை எந்த எழுத்தாளர் கைவிடுவார்?

பாத்திரங்கள் கல்கிக்குச் சொந்தம் என்று எபிக்கு எபி சத்தியம் செய்வதுதான் எனக்குப் புரியாத பக்தி. கல்கியின் எழுத்துகள் எப்போதோ நாட்டுடைமை ஆகிவிட்டன. வந்தியத்தேவன் இப்போது அரசுப் பேருந்து மாதிரி, யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். கல்கியே 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதி முடித்ததும், அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்காக உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதினார். பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையை மேலே கொண்டுபோனார். அவரை யாரும் எபிக்கு எபி சத்தியம் கேட்கவில்லை.

முன்குறிப்பு நமக்குப் புதிதும் அல்ல. கம்பர் வால்மீகியின் கதையைக் கையில் எடுத்தபோது, பாற்கடலைக் குடிக்கப் போன பூனை நான் என்று சொல்லிக்கொண்டுதான் தொடங்கினார். அவையடக்கம் என்று அதற்கு இலக்கணத்தில் இடமே இருக்கிறது. ஆனால் கம்பர் அதை ஆரம்பத்தில் ஒரு முறை சொன்னதோடு சரி, படலத்துக்குப் படலம் பூனையைக் கூட்டி வரவில்லை. இன்னொரு வகை முன்குறிப்பு புதுமைப்பித்தனுடையது. 1943இல் அகலிகையை வைத்து 'சாபவிமோசனம்' எழுதியபோது, இராமாயணம் படித்தவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்கிற பொருளில், உச்சியில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வைத்தார். வாசகனை எச்சரித்தாயிற்று, கதவையும் திறந்து வைத்தாயிற்று, மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தமிழில் இதைவிடக் கச்சிதமான முன்னெச்சரிக்கையை நான் பார்த்ததில்லை.

சிஸ்ஸுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதும்போது பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்துக்கு அவர் மனம் ஒப்பவில்லை. பிடிக்காத முடிவைக் கத்தரித்துவிட்டுத் தன் முடிவோடு நிற்பது ரசிகர் புனைவின் முதல் உரிமை. அந்தப் புத்தகத்துக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருதே கிடைத்தது. கரிகாலனைப் பிழைக்க வைத்ததற்கு நம் சிஸ் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இனி விமர்சனத்துக்கு வருவோம். கதைக்குக் கீழே வாசகர்கள் எழுதக்கூடியவை இவை: சூப்பர் சிஸ். நைஸ் எபி. வெயிட்டிங். யூடி கொஞ்சம் பெருசா குடுங்க சிஸ். ஒரு சொல் கூட எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர் 'சைலண்ட் ரீடர்', கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் நழுவுகிறவருக்குள்ள மரியாதை அவருக்கு. ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அது 'தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்' என்று தொடங்கும்.

ஒரு வாசகி அப்படித் தொடங்கினாள். பழையாறை அரண்மனையில் குந்தவை தக்காளி ரசம் வைக்கிறாளே, தக்காளி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது, ராஜராஜனுக்கு அப்புறம் ஐந்நூறு வருஷமாவது ஆகியிருக்குமே என்று கேட்டாள். ரசத்தில் கிள்ளிப் போட்ட மிளகாயும் அப்படித்தான் என்று இன்னொரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான். அடுத்த எபி வரவில்லை. அதற்குப் பதில் ஓர் அறிவிப்பு வந்தது. 'மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு ஃப்ரெண்ட்ஸ். குடும்பம், வேலை, நைட் ஷிஃப்ட் எல்லாத்துக்கும் நடுவுல உங்களுக்காகத்தான் எழுதறேன்.' அன்று இரவுக்குள் ஒரு படை திரண்டது. பிடிக்கலைன்னா படிக்காதீங்க. நெகட்டிவிட்டி வேண்டாம். நீங்க ஒரு கதை எழுதிப் பாருங்க அப்ப தெரியும். தக்காளி வாசகி மன்னிப்புக் கேட்டு, குந்தவையின் ரசத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதிய பிறகுதான் சோழ நாட்டில் மறுபடி பொழுது விடிந்தது.

இதே சிஸ்ஸைப் பகலில் பாருங்கள். தர ஆய்வுப் பிரிவு. கையில் கேஜ், பக்கத்தில் சிவப்புத் தொட்டி. லைன் சூப்பர்வைசர் கும்பிடாத குறையாக நிற்கிறான். 'அக்கா, லாரி கேட்ல நிக்குதுக்கா. இந்த ஒரு லாட் மட்டும் விட்டுருங்கக்கா.' சிஸ் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 'டிராயிங்ல என்ன இருக்கோ அதான் தம்பி.' கேஜில் நுழையாத பிராக்கெட் சிவப்புத் தொட்டியில் விழும். 'மனசு கஷ்டமா இருக்கு' என்று எந்த பிராக்கெட்டும் அறிவிப்புப் போட்டதில்லை. உலோகத்தில் முடியளவு பிசகையும் பொறுக்காதவர், கதையில் ஐந்நூறு வருஷப் பிசகைச் சுட்டியவளை அழவைத்தார். பொருளைக் குறை சொன்னால் அது வேலை, கதையைக் குறை சொன்னால் அது துரோகம். குறை சொல்கிறவர்களின் கூட்டத்திலும் சுத்தமான கைகள் குறைவுதான். தக்காளியைச் சுட்டுகிற சாக்கில் 'உங்களுக்கெல்லாம் எதுக்கு எழுத்து' என்று முடிக்கிற ஆள்கள் உண்டு. சிஸ் எல்லாரையும் ஒரே தொட்டியில் போடுவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

இவ்வளவு எழுதக் காரணமே இனி வருவதுதான். நடுவில் சிஸ் ஒரு நவீனக் கதை தொடங்கினார். சோழ வம்சம் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என்று. கரிகாலன் இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் பத்து மாடிக் கட்டடத்தின் எம்.டி. நந்தினி அங்கே வேலைக்கு வருகிறாள். மூன்றாம் எபியில் அவளைக் கன்னத்தில் அறைகிறான். ஐந்தாம் எபியில் அறையில் பூட்டி வைக்கிறான். எட்டாம் எபியில் அவள் சம்மதம் கேட்காமலே தாலி கட்டுகிறான். கீழே வாசகர்கள்: 'ஹீரோ செம கெத்து சிஸ்.' மேலே முன்குறிப்பு: 'இந்த எபியில் காரமான சாப்பாட்டுக் காட்சி உண்டு, அல்சர் உள்ளவர்கள் கவனம்.' வகை: காதல், குடும்பம்.

அறைந்ததற்கு ஏன் எச்சரிக்கை இல்லை என்று கேட்டேன். 'அது அடி இல்ல சார். பொசசிவ்' என்றார்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் இவரும் உறுப்பினர். கேண்டீன் சுவரில் ஒட்டிய போஸ்டரில் இவர் பெயர் இருக்கிறது. எந்த மேனேஜராவது கரிகாலன் செய்ததில் பத்தில் ஒரு பங்கு செய்திருந்தால் இவரே அறிக்கை எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பஸ்ஸில் ஏறி போனை எடுத்ததும் அந்தக் குழு கலைந்துவிடுகிறது.

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நம் சினிமாவின் பழக்கம் இது. 2012 அக்டோபர் முதல், கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். அதே கதாநாயகன் வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்துகிறபோது வாசகம் கிடையாது, பாட்டுதான் உண்டு. ஆங்கிலத்தில் ரசிகர் புனைவுக்காகவே ரசிகர்கள் நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற பெரிய காப்பகம் 2009 முதல் பொதுப் புழக்கத்தில் இருக்கிறது. 2019இல் ஹியூகோ விருதும் வாங்கியது. அங்கே எழுதுகிறவரிடம் முக்கியமாகக் கேட்கப்படுவது நான்கே விஷயம்: கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, வயது வராதவர்கள் சம்பந்தப்பட்ட பாலுறவு. எதையும் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் அறிவித்துவிடலாம், வாசகர் தன் பொறுப்பில் உள்ளே போவார். இடி, குதிரை, காரம் பற்றி யாரும் கேட்பதில்லை.

சிஸ் தினமும் கடக்கிற சானமாவு காட்டோரம் வனத்துறைப் பலகை இருக்கிறது: யானைகள் கடக்கும் பகுதி. குளிர்காலத்தில் தளி வழியாகக் கர்நாடகக் காட்டு யானைகள் வந்து ராகிக் கொல்லையில் இறங்குகிற ஊர் இது. அந்தப் பலகை அணிலைப் பற்றிப் பேசுவதில்லை. சிஸ்ஸின் பலகையில் அணில்கள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன, யானை மட்டும் இல்லை. காரணமும் தெரிந்ததுதான். அவர் எச்சரிக்கை எழுதுவது படிக்கிறவருக்கு அடி படக்கூடாது என்பதற்காக அல்ல, தனக்கு அடி படக்கூடாது என்பதற்காக. அறைக்கு யாரும் அவரைத் திட்டப் போவதில்லை, ஆழ்வார்க்கடியான் சைவரைத் திட்டினால் நாலு பேர் வந்துவிடுவார்கள்.

ஆனாலும் ஒரு முறை இவர் முன்குறிப்பு சரியாக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தில் குழந்தை இறந்துபோகும் ஓர் எபிக்கு மேலே, ஒரே வரியில் அதைச் சொல்லியிருந்தார். அதிகம் விளக்கவில்லை, மன்னிப்பும் இல்லை. 'நல்ல வேளை சொன்னீங்க சிஸ், நான் இதைப் படிக்கல, அடுத்ததுக்கு வர்றேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. அந்த எபியை சிஸ் மிக நன்றாகவும் எழுதியிருந்தார்.

அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் அவர் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். முன்குறிப்பைத் தாண்டி நேரே மூன்றாம் பத்திக்குப் போய்விடுங்கள், படகும் மழையும் அங்கே அருமையாக இருக்கும். படித்ததும் ஒரு வரி எழுதிவிடுங்கள், சைலண்ட் ரீடராக நழுவ வேண்டாம். தக்காளி விஷயத்தைத் தனியாக இன்பாக்ஸில் சொன்னால் போதும். அந்த அறையைப் பற்றி மட்டும் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே கேளுங்கள்.