99 ஏ.பி.ஓ. என்றொரு வெளிநாடு

என் அம்மா நாற்பது வருஷம் 'ஆபீஸ்' போனவள். தாயில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும், பட்டாசு ஆலைக்குப் பயர் ஆபீஸ் என்றும்தான் பெயர். விடியுமுன் தூக்குச்சட்டியோடு போவாள். சாயங்காலம் கையெல்லாம் அலுமினியத் தூள் மினுமினுக்கத் திரும்பி வருவாள். அந்த அம்மாதான் 1996 பிப்ரவரியில் சாத்தூர் ரயில் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஆபத்தான இடத்துக்குப் போறியே தாயி" என்று அழுதாள்.

"குண்டு கிண்டு போட்டா யோசிக்காத. கட்டிலுக்கு அடியில போயிரு."

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். போஸ்டிங் கிடைத்தது பூட்டானுக்கு. 1962 முதல் அங்கே இந்திய ராணுவப் பயிற்சிக் குழு இருக்கிறது. பூட்டான் படைக்குப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. இருப்பிடம் ஹா பள்ளத்தாக்கு. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார். அம்மா நம்பவில்லை. "பட்டாளம்னாலே வெடிதானே" என்றாள், காலையில் நூறு வெடிக்குத் திரி வைத்துவிட்டு வந்தவள்.

ஊரில் இன்னொரு பேச்சும் ஓடியது. தாயில்பட்டியிலிருந்து ஒருத்தி வெளிநாடு போகிறாள்! சிங்கப்பூர் போனவர்கள் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவந்த காலம் அது. அத்தை ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரும்போது ஒரு நைலக்ஸ் சேலை வாங்கி வரச் சொன்னாள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டவர்களிடம் என்ன சொல்வது? இந்தியர்கள் பூட்டானுக்குப் போக அது தேவையே இல்லை. செலவுக்கு எந்த ஊர்ப் பணம்? நம் ரூபாய்தான், அவர்களுடைய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. "இதென்ன வெளிநாடு?" என்று அத்தைக்குச் சப்பென்று போய்விட்டது.

பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டியைப் பிளாட்பாரத்தில் திறந்து பார்த்தார் வீட்டுக்காரர். சாத்தூர் சேவு, கருப்பட்டி, வத்தல் எல்லாவற்றுக்கும் அடியில், என் முகூர்த்தப் பட்டுக்குள் ஒரு கட்டு லட்சுமி வெடி. தீபாவளிக்கு ஆகுமே என்று அம்மா வைத்தது. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். எல்லையில் காவல் நின்ற ஆள், டிக்கெட் பரிசோதகரை நினைத்து வியர்த்துக் கொட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெட்ராஸில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அப்புறம் கல்கத்தா. 1922-இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போன அதே கல்கத்தா. அவர்கள் ஒரு தொழிலோடு திரும்பினார்கள். நான் ஹோல்டாலைத் தொலைத்துவிட்டு நின்றேன். தொலைத்ததைச் சொல்லவும் மொழி இல்லை. தமிழ்நாட்டில் 1968-இலேயே இருமொழிக் கொள்கை வந்துவிட்டதால் இந்தி என் காதில் விழுந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு வெளிநாடு ஹவுராவில் தொடங்கி, ஜெய்காவ் எல்லை வளைவைத் தாண்டி புன்ட்ஷோலிங்கில் கால் வைத்ததும் முடிந்துவிட்டது. அங்கிருந்து ஒரு பகல் முழுக்க மலையேறி ஹாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆச்சரியப்படத் தெம்பில்லை.

ஹா ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பானையில் போட்ட அரிசி லேசில் வேகாது. மாவு பொங்காது. இட்லி மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போலப் பக்கத்தில் போட்டுத் தூங்கியிருக்கிறேன்.

முதல் ராத்திரி குளிரில் பல் தந்தியடிக்க, புகாரி என்ற இரும்பு அடுப்பைப் பற்றவைக்க உட்கார்ந்தேன். விறகெல்லாம் ஈரம். ஒரு பெட்டி தீக்குச்சியும் தீர்ந்தது, புகைதான் மிச்சம். காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சாத்தூர் என்று அச்சடித்திருந்தது. எட்டு வயதில் நானே ஒட்டிய பெட்டியாகக்கூட இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தீப்பெட்டிச் சீமையில் பிறந்தவளுக்குத் தீ மூட்டத் தெரியவில்லை. காய்கறி விற்க வந்த ஹா கிழவி ஒருத்தி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பிசின் ஊறிய பைன் சிராய் ஒன்றை ஒரே குச்சியில் பற்றவைத்து அடுப்புக்குள் செருகினாள். அதன்பின் இந்தியில் ஏதோ கேட்டாள். வீடியோ கேசட்டில் படம் பார்த்துக் கற்ற இந்தி அது. இந்தியாவிலிருந்து வந்த நான் திருதிருவென்று விழித்தேன். என் முதல் இந்தி வாத்தியார் அந்தப் பூட்டான் கிழவிதான்.

வெயில் காலம் முடிகிற நேரத்தில் கூரைகளைப் பார்த்தபோதுதான் ஊர் நினைவு வந்து தொண்டையை அடைத்தது. எல்லா வீட்டுக் கூரையிலும் சிவப்பாக மிளகாய் காய்ந்தது, விருதுநகர் வத்தல் களத்தைத் தூக்கி மலைமேல் வைத்த மாதிரி. அவர்களுக்கு மிளகாய்தான் காய்கறி. பாலாடைக்கட்டி போட்டுக் குழம்பாகவே வைத்துவிடுவார்கள். காரம் தின்னத் தெரியாத ஊருக்கு வந்துவிட்டோமோ என்ற கவலை எனக்கு அதோடு தீர்ந்தது. வயிற்றுக் கவலை தொடங்கியது.

ராணுவத் தபாலுக்கு ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. யூனிட் பெயர் போட்டு '99 ஏ.பி.ஓ.' என்று முடித்தால் சாதாரண இன்லேண்ட் லெட்டரே போய்ச் சேரும். அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த பையன் முகவரியை உரக்கப் படித்திருக்கிறான். பூட்டான் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "எம் மக தொண்ணூத்தொம்பது ஏபிஓவுல இருக்கா" என்று பயர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்தாள். கடிதத்துக்குக் கடிதம் கடைசி வரி ஒன்றுதான்: அங்கே வெடிச் சத்தம் கேட்கிறதா?

கேட்டதுதான். துப்பாக்கிப் பயிற்சி நாட்களில் கேட்கும். ஆனால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே நோட்டீஸ் வந்துவிடும். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு துணி துவைப்பேன். அம்மாவின் ஆபீஸில் அப்படி நோட்டீஸ் வருவதில்லை.

1999-இல் திரும்பினோம். பூட்டானில் தொலைக்காட்சி வந்ததும் அதே வருஷம்தான். ஊர் கூடி என் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தது. வெளிநாட்டுச் சாமான் என்று நான் கொண்டுவந்தது சுகோ: யாக் பால் பாலாடைக்கட்டியைக் கல்லாகக் காயவைத்து நூலில் கோத்த மாலை. மாமனார் கடித்துப் பார்த்துவிட்டு உலக்கையைத் தேடினார். நைலக்ஸ் கேட்ட அத்தை ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. போன வருஷம் அண்ணன் மகன் ஹாவுக்குச் சுற்றுலா போனான். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் சுற்றுலாக் கட்டணம் வாங்குகிறார்களாம். அதே பள்ளத்தாக்கில் நான் மூன்று வருஷம் இருக்க அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அவன் அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டு, "அத்தை, எவ்வளவு அமைதி!" என்றான். தாயில்பட்டிதான் இந்தியாவுக்கே சத்தம் செய்துகொடுக்கிறது. ஆனால் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எங்களுக்கும் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான். சரவெடிக்குத் தடை. வெடி செய்யும் ஊரில் வெடிக்க நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் எதிர் வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. ஒடிசாவிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, கைக்குழந்தையோடு வாசலில் திருதிருவென்று நின்றாள் அந்தப் பெண். மளிகைக்கடை அண்ணாச்சி என்னைத்தான் கூப்பிட்டுவிட்டார். ஊரில் இந்தி தெரிந்தவள் நான்தானே. கிழவி கற்றுக்கொடுத்த இந்தியில் அரிசிக்கடை, குழாயடி, பஸ் நேரமெல்லாம் சொன்னேன். கணவன் எங்கே வேலைக்குப் போகிறான் என்று கேட்டேன். "ஆபீஸ்" என்றாள். வந்து நான்கு நாளில் கற்றுக்கொண்ட முதல் தாயில்பட்டி வார்த்தை.

பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கே பயம் ஒன்றுமில்லையே தீதி?" என்று கேட்டாள்.

அம்மா மூன்று வருஷம் கேட்ட கேள்வி. அப்போதெல்லாம் இல்லை, இல்லை என்று இன்லேண்ட் லெட்டரில் உண்மையையே எழுதினேன். இவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "வெயில் ஏறினால் மருந்துப் பக்கம் நிற்க வேண்டாமென்று உன் வீட்டுக்காரரிடம் சொல். ஆபீஸ் வேலை எதையும் வீட்டுக்குக் கொண்டுவர விடாதே" என்றேன். ஹாவில் எனக்கு இப்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.