தைலம் தடவின கதை

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் பாதியில நின்னதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போய்ப் படுத்தியே, காலையில காப்பி கூடக் கேக்கலையாம், உங்க ஆச்சி சொன்னா. தப்பு எம்மேலதான். ரெண்டு நாளா எழுதி அடிச்சு எழுதி நீ ஒரு கேன்ட்ரிப், அதான் எத்தனை தடவைன்னாலும் போடுற சின்ன மந்திரம், சமைச்ச. அதை நான் பத்து நிமிஷத்துல தின்னு ஏப்பம் விட்டுட்டேன். கிழவனைச் சேக்காதேன்னு அப்பவே சொன்னேன். நீதான் "ஒரு ஆள் குறையுது, வாங்க தாத்தா"ன்னு என்னை ட்ரூயிட்ங்கிற காட்டு மந்திரவாதியாக்கி, இருபது மொகத்துப் பகடையைக் கையில திணிச்ச.

மந்திரத்துக்குப் பேரு 'தைலம் தடவல்'. தொட்டா ஒரு ஹெச்பி, அதான் உசிர்ப் புள்ளி, ஏறும். "ஒரே ஒரு ஹெச்பிதானே தாத்தா, இதுகூடவா அதிகம்?"ன்னு கேட்ட. அதிகமே இல்ல ராசான்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன். ஓர்க் கூட்டத்தை அடிச்சு முடிச்சோம். நாலு பேரும் குத்துயிரும் குலையுயிருமா கெடந்தோம். அடுத்த அறையில எந்தப் பூதத்தை விடலாம்னு நீ புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்த. நான் சொன்னேன், "கதவைச் சாத்துங்க, நான் தடவுறேன்." எவ்வளவு நேரம்னு கேட்ட. ரவுண்டுக்கு 6 செகண்டு, அப்ப நிமிஷத்துக்கு 10 தடவல். மூணாவது லெவல் ஆளுங்க நாலு பேரு உசிரையும் கூட்டினா நூத்துக்குக் கிட்டதான் வரும். பத்து நிமிஷத்துல நாலு பேரும் புது மாப்பிள்ளை மாதிரி எந்திரிச்சு நின்னோம். பூசாரியா ஆடின அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்தியா? நாளைக்கு இத்தனைன்னு எண்ணிக் குடுத்த ஸ்லாட்டுல ஒண்ணை எரிச்சாத்தான் அவளுக்குக் காயம் ஆத்துற க்யூர் வூண்ட்ஸ். எனக்கு எரிக்க ஒண்ணுமில்ல, கை வலிச்சாத்தான் உண்டு.

நம்ம கெணத்து மேட்டு மோட்டாரை நெனச்சுப் பாரு. கரண்டுக்குக் காசு கட்டின காலத்துல உங்க கொள்ளுத்தாத்தா, வயல் நெறஞ்சதும் ஓடிப்போயி ஸ்விட்சை அமத்துவாரு. காசு கிடையாதுன்னு ஆனப்புறம் எவன் ஓடினான்? கரண்டு வந்தா மோட்டார் ஓடும், போனா நிக்கும். கெணத்துத் தண்ணி எங்க போச்சுன்னு போர் போட வர்றவன்கிட்டக் கேளு. கேன்ட்ரிப்பும் இலவச கரண்டுதான்டா. உன் மந்திரம் ஒரு தடவைக்கு என்ன செய்யும்னு நீ பாத்த. நூறாவது தடவைக்கு என்ன செய்யும்னு நான் பாத்தேன்.

இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பெரிய பெரிய ஆளுங்களே இந்த இடத்துல கணக்குப் போட்டுத்தான் தாண்டியிருக்காங்க. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டாந்தப்ப, மொத லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிட்டா அப்புறம் கத்தியைத் தூக்கிக்கிட்டு மூலையில நிக்க வேண்டியதுதான். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தவரு, நடுவுல செருப்பும் தச்சிருக்காரு. அளந்து பழகின கை. 2000-ல வந்த மூணாம் பதிப்புல உன் தைலம் அப்படியே இருந்திச்சுடா! க்யூர் மைனர் வூண்ட்ஸுன்னு பேரு, ஒரு ஹெச்பிதான். ஆனா நாளைக்கு இத்தனை தடவைன்னு எண்ணிக்கை உண்டு. 2009-ல பாத்ஃபைண்டர்ங்கிற இன்னொரு ஆட்டத்துக்காரன் சின்ன மந்திரங்களுக்கு எண்ணிக்கையை எடுத்துட்டு, எத்தனை தடவைன்னாலும் போட்டுக்கோன்னான். எடுத்த கையோட அந்த ஒரு ஹெச்பி மந்திரத்தையும் தூக்கி வெளியில போட்டுட்டு, ஸ்டெபிலைஸ்னு வேற ஒண்ணைக் கொண்டாந்து வச்சான். சாகக் கெடக்குறவன் சாக மாட்டான், அவ்வளவுதான். நீங்க ஆடுற 2014 புத்தகத்துல ஸ்பேர் த டையிங்கும் அதே ஜாதகம். உசிரைப் பிடிச்சு நிறுத்தும், ஒரு ஹெச்பி கூடத் தராது. பூட்டு எங்க போட்டிருக்கான்னு பாத்தா, திருட்டு எங்க நடந்திச்சுன்னு தெரியும்.

சரி, உன் நோட்டுல ரெண்டாவது பக்கத்தையும் பாத்தேன். கோவிச்சுக்காத, திறந்து கெடந்திச்சு. 'இடறு காத்து'. 120 அடி தூரம், எட்டு மொகத்துப் பகடை ஒண்ணு, ஃபோர்ஸ் டேமேஜ், பட்டவன் குப்புற விழணும், தப்பிக்கப் பகடை போடுற சேவிங் த்ரோ கிடையாது, லெவலுக்கு ஒரு பகடை ஏறும். ஏண்டா, பந்தியில உக்காந்து பாயசத்தைச் சோத்துலயும் ஊத்தி, டம்ளர்லயும் வாங்கி, தூக்குச்சட்டியையும் நீட்டினா எப்படி?

காய்க்கடையில எடைக்கல்லு வச்சிருக்கான் பாரு, அது மாதிரி ஒரு கல்லைக் கையில வச்சுக்கோ. ஃபயர் போல்ட்தான் அந்தக் கல்லு. 120 அடி, பத்து மொகம் ஒண்ணு, பட்டா நெருப்பு, வேற குசும்பு கிடையாது. நெருப்புக்கு அசையாத ஜந்துவும் ஏகப்பட்டது இருக்கு. ஆட்டத்தை நடத்துற டிஎம்முக்கான புத்தகத்துலயே அளவு போட்டிருக்கான்: ஒரு ஆளை அடிச்சா ஒரு டி10, அதாவது பத்து மொகம், பல பேரை அடிச்சா ஒரு டி6. இதுக்கு மேல ஒரு குசும்பு வேணும்னா எங்கேயாவது ஒண்ணைக் குறைக்கணும். ரே ஆஃப் ஃப்ராஸ்ட்டைப் பாரு. பட்டவன் நடை 10 அடி கொறையும், அதுக்குப் பகடை எட்டு மொகமாச்சு, தூரம் பாதியாச்சு. விஷியஸ் மாக்கரி எதிராளியோட அடுத்த அடியையே கெடுக்கும். அதுக்கு வெறும் நாலு மொகம். நம்மூருச் சண்டையில ஏச்சு வாங்கினவன் கை நடுங்குறதைப் பாத்தவனுக்கு அது சரியான வெலைன்னு தெரியும். தார்ன் விப் 10 அடி இழுத்துட்டு வரும், ஆனா ஆறு மொகம், 30 அடி தூரம், யானையையெல்லாம் இழுக்காது.

"எல்ட்ரிச் பிளாஸ்ட்டும் ஃபோர்ஸ்தானே, அதுக்கு டி10 இருக்கே"ன்னு வாயைத் தொறப்ப. அது வார்லாக் வீட்டுச் சொத்து. அவனுக்குக் கைவசம் இருக்குற ஸ்லாட்டே ரெண்டோ மூணோ, அந்தப் பஞ்சத்துக்குக் குடுத்த நெலம் அது. அதைக் காட்டி எல்லாருக்கும் பட்டா கேக்காத.

லெவலுக்கு ஒரு பகடைங்கிறதை மொதல்ல அடி. 5, 11, 17, இந்த மூணு லெவல்லதான் கேன்ட்ரிப்புக்குப் பகடை கூடும். உன் கணக்குப்படி ஒம்பதாவது லெவல்ல ஒம்பது எட்டுமொகம், சராசரி 40-க்கு மேல. மூணாம் லெவல் ஸ்லாட்டைக் குடுத்து வீசுற ஃபயர்பால் கூட 8 ஆறுமொகம், சராசரி 28. ஊர்ல பூராப் பயலும் ஃபயர்பாலை வித்துட்டு உன் காத்தை வாங்கிருவான்.

அதுக்காகப் பயந்து உப்பில்லாமலும் சமைக்காத. 2014-ல ட்ரூ ஸ்ட்ரைக்னு ஒண்ணு வச்சான். இந்த ரவுண்டை வீணாக்கினா அடுத்த ரவுண்டுல ஒரு அடி கொஞ்சம் நல்லா விழும். இன்னைக்குக் கையை ஓங்கிட்டு நாளைக்கு அடிக்கிற கதை. ஆடினவன் பூராச் சிரிச்சான். 2024 புத்தகத்துல அதை அடியோட மாத்தி எழுதிட்டாங்க.

என்னைக் கேட்டா, அடிக்கிற மந்திரமே உனக்கு வேண்டாம். ப்ரெஸ்டிடிஜிடேஷனைப் பாரு, என்ன அழகு! ஆறின சோத்தைச் சுட வைக்கும், சப்புன்னு இருந்தா ருசி ஏத்தும், வேட்டிக் கறையை எடுக்கும், மெழுகுவத்தியைப் பத்த வைக்கும். எல்லாம் 10 அடிக்குள்ள. நூறு தடவை போட்டாலும் எவன் குடியும் கெடாது. மெண்டிங் கிழிசலை ஒட்டும், ஒரு அடிக்கு மேல கிழிஞ்சிருந்தா ஒட்டாது. போடவே ஒரு நிமிஷம் ஆகும், அதனால சண்டைக்கு நடுவுல ஒருத்தனும் வேட்டி தைக்க மாட்டான். இந்த மாதிரி ஒண்ணு பண்ணு. ஆனா கைடன்ஸ் மாதிரி மட்டும் பண்ணிராத. பூட்டைத் தொட்டா கைடன்ஸ், மரம் ஏறினா கைடன்ஸ், நேத்து அந்தப் பிள்ளை எத்தனை தடவை "டி4 சேத்துக்கோங்க"ன்னு கத்தினான்னு எண்ணினியா? அது தப்பான மந்திரமில்ல, கேக்குற காதுக்குத்தான் தேய்மானம்.

இப்ப தைலத்துக்கு வா. ஆளுக்கு ஒரு தடவை, லாங் ரெஸ்ட், அதான் ராத்தூக்கம், எடுத்தாத்தான் மறுபடி. இந்த ஒரு வரியைச் சேத்துரு. நாளைக்கு நாலே ஹெச்பி, பூசாரிப் பிள்ளைக்கும் கோவம் வராது. எழுதிட்டுச் சாயங்காலம் திண்ணைக்கு வா, ஆச்சி பணியாரம் சுடுறா.

வர்றதுக்கு முன்னால ஒண்ணை யோசிச்சுட்டு வா. சண்டைக்கு நடுவுல ஹெச்பி சைபராகி விழுந்து கெடக்குறவனை நான் ஒரு தடவை தடவினா என்ன ஆகும்? நீ யோசிக்கலைன்னா பரவாயில்ல. நான் யோசிச்சுட்டேன்.