வெள்ளிமலையில் ஹார்ட் டிஸ்க் மரணம்: ஓர் ஆய்வு

கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் ஹார்ட் டிஸ்க்குகள் ஏன் சாகின்றன என்ற பெருவினாவில் அறிஞர்கள் இரண்டுபட்டுக் கிடக்கிறார்கள். மலைக்காற்றுதான் காரணம் என்பது முதல் அணி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சுழலும் தட்டோடு சுற்றிவரும் காற்றின்மேல்தான் தட்டைப் படித்தெழுதும் ஹெட் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். உயரே போகப் போகக் காற்று மெலியும், ஹெட் தாழும். ஆனால் 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும் என்றே தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிக்கிறார்கள். கல்வராயன் மலை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆக, மலை நிரபராதி. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் வளைவுகளில் பையோடு டிஸ்க் குலுங்கி வந்ததைப் பற்றி இவ்வணி வாய் திறப்பதில்லை. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க்குக்கு 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதைப் பையில் போட்டு யாரும் மலையேறியிருக்க முடியாது.

கரண்ட்தான் காரணம் என்பது இரண்டாம் அணி. வாதம் வலுவானது, ஆகவே சுவையற்றது.

சிகிச்சையில் ஃப்ரீசர் மரபு என்றொன்று உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர வைத்த டிஸ்க், மலையின் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். மிஞ்சுவது மீன் வாசனை.

மெய்யான வைத்தியம் அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ என்னும் மீட்பு மென்பொருள். நோகாமல் கிடைப்பதையெல்லாம் அது முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டுபிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பிவந்து செக்டார் செக்டாராகச் சுரண்டும். நடுவே கரண்ட் போனாலும் விட்ட இடம் குறிப்பில் இருக்கும். தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்று பத்தாம் வகுப்பில் சொன்னதேதான். மனித இனமோ ‘டிக் டிக்’ சத்தம் கேட்டதும் கல்யாண வீடியோவைத் தேடிப் போகிறது. திறக்காவிட்டால் மறுபடி கிளிக், மறுபடி கிளிக். தாலி கட்டும் இடத்தில் டிஸ்க்கின் உயிர் பிரிகிறது; பக்கத்து ஃபோல்டரில் நலமாயிருந்த சாதிச் சான்றிதழும் பட்டாவும் கூடவே போகின்றன. இதற்கு ‘முகூர்த்தப் பிழை’ எனப் பெயரிட முன்மொழிகிறோம்.

முழு டிஸ்க்கையும் இப்படி நகலெடுக்க, மாற்று டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. காலி இடமும் சேர்ந்தே நகலாகும். இவ்விதியை ஒட்டிச் சர்வீஸ் கடைகளில் நிகழும் தர்க்கம் பின்வருமாறு:

“பாதிதாண்ணே ரொம்பியிருக்கு. காலி இடத்தை எதுக்குக் காப்பி பண்றீங்க?”

“காலின்னு அது சொல்லுது தம்பி. நீங்க டெலீட் பண்ணதெல்லாம் அங்கதான் கிடக்கும்.”

“அப்படின்னா அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்கண்ணே.”