வாசல் வரை வந்த விருந்தாளிகள்

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்களில் இருபால் ஈர்ப்புடைய பாத்திரங்கள் வரத்தான் செய்கிறார்களே, இன்னும் என்ன குறை?

பதில்: வருகிறார்கள் என்பது வாஸ்தவம், வந்தவர்களை உட்கார வைத்து உபசரித்தார்களா என்றல்லவா பார்க்க வேண்டும்? 2017-இல் வெளியான ‘தோர்: ரக்னராக்’ படத்திற்காக, வால்கிரி என்னும் வீராங்கனையின் சயன அறையிலிருந்து ஒரு பெண் வெளியேறுவதாக எடுத்த காட்சி கத்தரிக்கோலுக்கு இரையாயிற்று. 2021-இல் வந்த ‘லோகி’ தொடரிலோ, ஓடும் ரயிலில் உடன் பயணித்த சில்வி என்பவள் வினவியபோது, இளவரசிகள் இளவரசர்கள் ஆகிய இரு சாராரிடமும் தனக்கு நாட்டமுண்டென்று லோகி ஒப்புக்கொண்டதோடு சரி. அப்பேச்சை அத்தொடர் பின்னர் வளர்க்கவேயில்லை. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த டிசி காமிக்ஸ் இதழில், சூப்பர்மேனின் புதல்வன் ஜான் கென்ட், எல்லோரையும் காப்பாற்ற முயன்று உடலும் உள்ளமும் ஓய்ந்து வீழ்ந்த வேளையில், தன்னைப் பேணிய ஜே நகமுரா என்னும் இளம் பத்திரிகையாளனை முத்தமிடுகிறான். அவனது சிரமமும் பிரியமும் கதையோடு கதையாகவே அங்கே வளர்கின்றன. மனிதன் ஆகாயத்தில் பறப்பதையே சந்தேகமின்றி ஏற்கும் ரசிகர்கள் இந்தக் காதலையும் ஏற்பார்கள் என்று திரைப்பட அதிபர்கள் தைரியமாக நம்பலாம்.